ஒட்டிய மெட்டீரியலையே எத்தனை முறை ஒட்டுவது?

கணினியில் உருவாக்கும் முப்பரிமாணக் கட்டட மாடலில் ஒரு சுவருக்கு என்ன மெட்டீரியல், அதாவது எந்தப் பொருளின் மேற்பரப்பு, என்று கட்டடக் கலைஞர் தீர்மானித்துக் குறித்துவிட்ட பிறகு, அந்த மாடலை நிஜம்போன்ற படமாக்கும் ரெண்டரிங் மேசையில் இருக்கும் நான் அதே சுவருக்கு அதே மெட்டீரியலை முதலிலிருந்து ஏன் ஒட்ட வேண்டும் என்ற கேள்விக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "மாடலை உன் மென்பொருளோடு இணைத்து லிங்க் கொடுத்தால் எல்லாம் தானாகவே வந்துவிடுமே" என்கிறார்கள். வரத்தான் செய்கிறது, ஆனால் அது வந்து சேரும் கோலத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மாடலில் உள்ள மெட்டீரியல் ஒன்றுக்குள் பல அடுக்குகள் உண்டு. வரைபடத் தாளில் தெரியும் நிறமும் கோடுகளும் ஓர் அடுக்கு. ரெண்டரில் தெரிய வேண்டிய தோற்றம் வேறோர் அடுக்கு. தாளில் படம் சரியாக விழுந்தால் போதுமென்று முதல் அடுக்கை மட்டும் நிரப்பிவிட்டு, இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. போதாக்குறைக்கு, பழைய மெட்டீரியலை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் தோற்றமோ இரண்டுக்கும் பொதுவாகவே கிடக்கிறது. சமையல் மேடையின் கடப்பா கல்லில் பளபளப்பைக் குறைத்தால் வரவேற்பறை கிரானைட்டும் சேர்ந்து மங்குவதன் காரணம் இதுதான். அளவின் கதை இன்னும் மோசம். 600 மில்லிமீட்டர் டைல் என்பது ஏறத்தாழ 1.97 அடி. ஒரு மென்பொருள் அடிக்கணக்கில் வைத்திருக்கும் அந்த எண்ணை இன்னொன்று மீட்டர் என்று படித்துக்கொண்டால், படுக்கையறைத் தரையில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரே டைல் படுத்திருக்கும். மேற்பரப்பில் ஒட்ட வேண்டிய டெக்ஸ்சர் படங்களோ அனுப்பியவரின் மடிக்கணினியிலேயே தங்கிவிட, ஃபைலில் அவற்றின் முகவரி மட்டும் பத்திரமாக என்னிடம் வந்து சேர்கிறது. அந்த முகவரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

லிங்க் செய்த மாடல்கள் தனி வேதனை. கட்டடம், கட்டமைப்பு, மின்சாரமும் குழாயும், உள் அலங்காரம் என்று நான்கு குழுக்கள் நான்கு ஃபைல்களைத் தருகின்றன; நான்கிலும் "கான்கிரீட் 1" இருக்கிறது, நான்கும் வெவ்வேறு. ஒன்றாகச் சேர்க்கும்போது ஏதோ ஒன்று மற்றதை விழுங்கிவிடும், இல்லையென்றால் பெயருக்குப் பின்னால் எண் போட்டுக்கொண்டு நான்கும் பெருகும். மாடலில் ஒரே நாற்காலியின் பிரதிகளாக இருந்தவை, இங்கே வந்ததும் தனித்தனி நாற்காலிகளாகச் சிதறி நினைவகத்தை நிரப்புகின்றன. சென்னை மனை ஒன்றை நில அளவையின் யூடிஎம் முறையில், நிலநடுக்கோட்டிலிருந்து மீட்டரில் எண்ணும் ஆயத்தொலைவுகளோடு அப்படியே அனுப்பினாலோ, வடக்கு நோக்கிய எண் 14 லட்சம் மீட்டரைத் தாண்டிவிடும். அவ்வளவு பெரிய எண்ணில், கிராஃபிக்ஸ் கணக்குக்கு வழக்கமான 32 பிட் தசம எண்ணால் 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த நகர்வைக் குறிக்கவே முடியாது. ஜன்னல் சட்டங்கள் கோணலாகித் துடிப்பதைப் பார்த்துவிட்டு, என் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்லும் மேதாவிகளும் இருக்கிறார்கள்!

இத்தனையையும் சீராக்கி முடிக்கும் வேளையில் திருத்திய ஃபைல் வரும். ஒரே ஒரு சுவரை நகர்த்தியிருப்பார்கள். லிங்க்கைப் புதுப்பித்தால், நான் மாற்றி ஒட்டியவற்றில் பாதி பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும். ஏனென்றால் அந்தச் சுவரை அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒன்றை வரைந்திருப்பார்கள், அடையாள எண் மாறியிருக்கும், நான் ஒட்டிய மெட்டீரியல் இல்லாத பொருளைத் தேடிக்கொண்டிருக்கும்.

வழியே இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். அனிமேஷன் படங்கள் எடுக்கும் பிக்சார் நிறுவனம், முப்பரிமாணக் காட்சிகளுக்கான யூஎஸ்டி என்ற ஃபைல் வடிவத்தை 2016இலேயே எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிட்டது. மூல ஃபைலைத் தொடாமல் அதன்மேல் என் மெட்டீரியல்களைத் தனி அடுக்காக வைப்பதும், ஒரு நாற்காலியை ஆயிரம் இடங்களில் பிரதியாகவே வைத்திருப்பதும் அதில் அடிப்படை வசதிகள். மெட்டீரியலை மென்பொருள் விட்டு மென்பொருள் கொண்டுசெல்ல லூகாஸ்ஃபில்ம் என்ற திரைப்பட நிறுவனம் உருவாக்கிய மெட்டீரியல்எக்ஸ் 2017இல் திறந்த மூலமானது. கட்டட மாடல்களைப் பரிமாறிக்கொள்ளக் கட்டடத் துறையே வைத்திருக்கும் ஐஎஃப்சி வடிவம் 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரநிலையாக வந்தபோதே டெக்ஸ்சருக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் நடைமுறையில் என் கைக்கு வரும் ஐஎஃப்சி ஃபைல்களில் வெறும் நிறமும் ஒளி ஊடுருவலும்தான் இருக்கின்றன. திரையில் ஒரு பொம்மையின் சட்டைத் துணிக்குக் கிடைக்கும் மரியாதை, மனிதர்கள் குடியிருக்கப்போகும் வீட்டின் தரைக்கு இல்லை.

மென்பொருள்காரர்கள் திருந்தும்போது திருந்தட்டும். பெயரை ஒழுங்காக வைப்பதற்கும், டெக்ஸ்சர்களை ஒரே கோப்புறையில் சேர்த்து அனுப்புவதற்கும், ஆயத்தொலைவுகள் பூஜ்யமாகும் மூலப்புள்ளிக்கு அருகில் மாடலை வைப்பதற்கும், இருக்கும் சுவரை அழிக்காமல் நகர்த்துவதற்கும் எந்தப் புதிய தரநிலையும் வேண்டாம். அதைச் செய்ய மனமில்லையென்றால், மறுபடி ஒட்டும் மணிநேரங்களைத் தனி வரியாகக் கட்டண விவரத்தில் போடுவேன். "வெறும் சின்னத் திருத்தம்தானே" என்று அப்போது யாரும் என்னிடம் பேரம் பேச வரக்கூடாது.