நங்கநல்லூரா, மடிப்பாக்கமா? சதுர அடி விலைக்கு முன் தண்ணீரின் வழியைக் கேளுங்கள்

தென்சென்னையில் வீடு தேடுகிற நடுத்தரக் குடும்பங்கள் பலவும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இது: நங்கநல்லூரில் பழைய, சிறிய வீடா, அல்லது அதே பணத்துக்கு மடிப்பாக்கத்தில் புதிய, பெரிய வீடா? இரண்டும் அடுத்தடுத்த பகுதிகள். காய்கறிக்கு ஒன்றிலும் கோயிலுக்கு மற்றொன்றிலும் நடந்தே போய் வருகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு மாதக்கணக்கில் ஓடி, நங்கநல்லூர் என்று முடிவாகியிருக்கிறது. குடிநீர் எப்படி வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற மூன்றையும் தெருத் தெருவாகக் கேட்டுப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம். வீடு பார்க்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இவற்றைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பதால் இதை எழுதுகிறேன்.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இரண்டு பகுதிகளும் ஒன்றாகவே மாநகருக்குள் வந்தன. ஆனால் வந்த வழி வேறு. நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியின் பகுதியாக இருந்தது. மடிப்பாக்கம் கிராம ஊராட்சியாக இருந்தது. 1996இல் ஆலந்தூர் நகராட்சித் தலைவரான ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில், பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை என்று மக்களிடமே பணம் திரட்டி, தனியார் பங்கேற்புடன் அந்தப் பணியை முடித்தார்கள். இந்திய நகராட்சிகளுக்கு முன்மாதிரி என்று இன்றும் பேசப்படுகிற திட்டம் அது. அன்றைக்கு 5,000 ரூபாய் என்பது மாதச் சம்பளக்காரருக்குச் சின்னத் தொகை அல்ல. ஊர் கூடிக் கொடுத்த அந்தப் பணத்தின் பலனை, இன்று நங்கநல்லூரில் வீடு வாங்குகிற நாம் விலையோடு சேர்த்துப் பெறுகிறோம் என்றே நான் கருதுகிறேன்.

ஊராட்சியாக இருந்த காலமெல்லாம் மடிப்பாக்கத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீடுகள் பெருகப் பெருக செப்டிக் டேங்குகளும் அவற்றைக் காலி செய்ய வரும் கழிவுநீர் லாரிகளும்தான் பெருகின. மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் பாதாளச் சாக்கடைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. குழாய் பதிக்கத் தோண்டிய தெருக்களில் மழைக்காலத்தில் இரு சக்கர வாகனம் ஓட்டியவர்களுக்கு அந்த அவதி தெரியும். ஆகவே அங்கே வீடு பார்க்கிறவர்கள், தெருவில் இரும்பு மூடி தெரிகிறதே என்று திருப்தியடைந்துவிடாமல், அந்தக் குறிப்பிட்ட கட்டடத்துக்கு இணைப்புக் கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அடுக்குமாடிச் சங்கத்தின் மாதக் கணக்கில் தண்ணீர் லாரிக்கும் கழிவுநீர் லாரிக்கும் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால், விற்பவர் சொல்லாதது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

மழைநீர்தான் இன்னும் பெரிய விஷயம். இந்தப் பகுதி முழுவதிலும் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிந்து, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் போய் முடிகிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி நிரம்பி வழிகிற நீரெல்லாம் அங்கேதான் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற நீரோடை வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். சதுப்புநிலம் சுருங்கி, மடுவும் திணறும்போது நீர் பின்வாங்கி நிற்கிறது. நங்கநல்லூர் மேற்கே சற்று உயரத்தில் இருக்கிறது; மடிப்பாக்கத்தின் பல நகர்கள் அந்த நீர் போகும் வழியிலேயே இருக்கின்றன.

அங்கே நாங்கள் பார்த்த ஒரு வீடு மனதுக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்று படுக்கையறை, லிப்ட், கிழக்கு வாசல், புது வண்ணப்பூச்சு. கீழே இறங்கி, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவரிடம், “2015 டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு ஐயா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பெட்டியை வைத்துவிட்டு, எதிர் வீட்டு மதிற்சுவரில் தம் மார்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். பிறகு, அந்தத் தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி கொடுத்துத் தூக்கியிருப்பதையும் காட்டினார். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்துக்குப் போனதன் விளைவு அது. தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு மேலே கட்டியிருப்பதால் நமக்குக் கவலையில்லை என்று தரகர் சொன்னார். மின்சார மீட்டர் பலகையும், தண்ணீர்த் தொட்டியும், லிப்டின் குழியும் கீழேதானே இருக்கின்றன? முதல் மாடியில் வீடு நனையாமல் இருக்கும். ஆனால் மின்சாரமும் நல்ல தண்ணீரும் இல்லாமல் வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு அதற்குள் எத்தனை நாள் இருப்பது?

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள், ஆய்வு முடியும் வரை புதிய கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு உத்தரவிட்டது. மடிப்பாக்கத்தின் கிழக்குப் பக்கம் மனையோ, கட்டத் தொடங்காத குடியிருப்பில் வீடோ பார்க்கிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பு அந்த இடம் இந்த ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறதா, திட்ட அனுமதி எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று வழக்கறிஞரிடம் காட்டித் தெளிவாக்கிக்கொள்வது அவசியம்.

நங்கநல்லூரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழவந்தாங்கல் சுரங்கப்பாதையும் தில்லைகங்கா நகர் சுரங்கப்பாதையும் கனமழையில் மூழ்கினால், ஜி.எஸ்.டி. சாலைக்கோ மெட்ரோவுக்கோ போவதே பெரும்பாடு. பல குடியிருப்புகளில் லிப்ட் கிடையாது. கார் நிறுத்த இடம் கிடையாது. அதே பணத்துக்கு நமக்குக் கிடைப்பது இரண்டு படுக்கையறை, அதுவும் பழையது. ஆனால் பழைய கட்டடங்களில் வீடுகள் குறைவு என்பதால், ஒவ்வொருவருக்கும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கிற மனையில் அவரவருக்கு உரிய பங்கு, பெரும்பாலும் அதிகமாக இருக்கும். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். விலை ஏறுவது நிலம்தான். மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினாலே இடித்துக் கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழி செய்திருப்பதால், அந்தப் பங்கின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ மடிப்பாக்கம் வழியே வருகிறதே, விலை ஏறுமே என்று என் மைத்துனர் கேட்டார். ஏறும், நானும் மறுக்கவில்லை. வாடகைக்கு விடுவதற்காக, ஏரிக்கும் கால்வாய்க்கும் தள்ளி மேட்டில் இருக்கிற தெருவில் வாங்குவதானால் மடிப்பாக்கத்தை நானே பரிந்துரைப்பேன், அவரிடமும் அதையே சொன்னேன். நாங்கள் வாங்குவது குடியிருக்க, அம்மா அப்பாவோடு. இப்போது பேசி வைத்திருக்கிற வீட்டின் மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் வழக்கறிஞரிடம் இருக்கின்றன. இந்த வடகிழக்குப் பருவமழையில் ஒரு பெருமழை நாளில் அந்தத் தெருவில் நின்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பதாக உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறோம், அவரும் சம்மதித்திருக்கிறார்.