வழுக்கும் ரோட்டில் வீரம் பேசும் அண்ணன்மாருக்கு

"ட்ராக்ஷன் கண்ட்ரோல், இ.எஸ்.சி. என்று வண்டி வழுக்காமல் காக்க வரும் இந்தக் கருவிகள் எல்லாம் சாரதியைச் சோம்பேறியாக்கத்தான். நாங்கள் இவை எதுவும் இல்லாமலே அடைமழையில் ஹட்டனுக்கு ஏறியவர்கள்" என்று சொல்லும் அண்ணன்மார் மலையகத்தில் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே காலத்தில் அதே ரோட்டில் பள்ளத்துக்குள் போனவர்கள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லையே!

ட்ராக்ஷன் கண்ட்ரோல் செய்வது எளிய வேலை. ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து வெறுமனே சுழன்றால் இயந்திரத்தின் விசையைக் குறைக்கும், அல்லது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும். 1995இல் பென்ஸ் காரில் வந்த இ.எஸ்.சி. என்ற மின்னணு நிலைப்படுத்தும் கருவி அதற்கும் ஒரு படி மேல். வளைவில் வண்டி நழுவத் தொடங்கியதும் எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அதை மட்டும் பிடிக்கும். நம் காலடியில் இருப்பதோ ஒரே ஒரு பிரேக் மிதி. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அதைக் கொண்டு நான்கு சக்கரங்களைத் தனித்தனியாகப் பிடிக்க எவராலும் முடியாது. மனிதனால் ஆகாததைச் செய்யும் கருவி சாரதியைச் சோம்பேறியாக்குகிறது என்று எப்படிச் சொல்வது? ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது சொகுசுக்காக அல்ல.

அண்ணன்மார் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்சிகளில் ஒரு பகுதிக்கு மட்டும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் பொருத்திப் பார்த்தார்கள். விபத்துகள் குறையவில்லை. நல்ல பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்தச் சாரதிகள் வளைவுகளில் இன்னும் வெட்டி ஓட்டினார்கள்.

நம் ஊரில் அந்தத் தைரியம் இறக்கத்தில்தான் ஆபத்து. நுவரெலியாவிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் அது சூடேறி வலுவிழக்கும். அப்போது எந்த மின்னணுக் கருவியும் கைகொடுக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்ற லொறிச் சாரதிகளின் பாடம்தான் காப்பாற்றும். தேய்ந்த டயருக்கும் அப்படித்தான். ரோட்டில் இல்லாத பிடிமானத்தைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? தோட்டத்துச் சேற்று ரோட்டில் இன்னொரு கூத்து. செங்குத்தாக ஏறும்போது பாரம் பின்னுக்குப் போக, முன் சக்கரத்தால் இழுக்கும் சின்னக் கார் சுழல ஆரம்பிக்கும். ட்ராக்ஷன் கண்ட்ரோல் உடனே விசையைக் குறைக்க, வண்டி ஏறாமல் நின்றுவிடும். அதை அணைக்க ஒரு பொத்தான் இருப்பது பலருக்குத் தெரியாது. வண்டியை விற்பவரும் சொல்வதில்லை, சாரதிப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

என் கோபம் வேறு இடத்தில். இந்த வாதமே கார் வைத்திருப்பவர்களின் வாதம். தோட்ட லயங்களில் வாழும் சனம் ஏறுவது லொறி அடிச்சட்டத்தின் மேல் பெட்டி கட்டிய பஸ்களில். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லயில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ், 15 உயிர்கள். இப்படி நடக்கும்போதெல்லாம் சாரதியின் தூக்கத்தையும் வேகத்தையும் பற்றி இரண்டு வாரம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் பஸ்களுக்கும் இ.எஸ்.சி. உண்டு. மலைப்பாதை அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது அது இருக்கிறதா, டயரில் பூ மிச்சமிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நம் பிரதிநிதிகளில் ஒருவராவது சபையில் எழுந்து கேட்கட்டும்.