கார்டிஃப் ஆர்கேடுகளுக்குப் போகிறவர்களுக்கு

வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் போகிற நம் ஆட்கள் பலர் கோட்டையைப் பார்க்கிறார்கள், செயின்ட் டேவிட்ஸ் மாலில் சுற்றுகிறார்கள், ரயிலேறிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விக்டோரியா காலத்து ஆர்கேடுகள் குறுக்குவழியாக மட்டும் பயன்படுகின்றன. எனக்கு இது பெரிய வருத்தம். அந்த ஊரில் ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், செயின்ட் டேவிட்ஸை விட்டுவிட்டு அந்த நேரத்தை இவற்றுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆர்கேட் என்றால் இரண்டு தெருக்களை இணைக்கும் நடைபாதை. இருபுறமும் கடைகள், மேலே கண்ணாடிக் கூரை. கார்டிஃபில் இவ்வளவு ஆர்கேடுகள் வந்ததற்கு மனைகளின் வடிவம் ஒரு முக்கியக் காரணம். செயின்ட் மேரி ஸ்ட்ரீட், ஹை ஸ்ட்ரீட் மனைகள் இடைக்காலத்தில் பிரிக்கப்பட்டவை. முகப்பு குறுகல், பின்னால் நீளம். தெருவைப் பார்த்த முகப்பில்தான் வாடகை கிடைக்கும். பின்னால் கிடக்கும் நிலத்தில் வருமானம் பார்க்க வேண்டுமானால், நடுவே பாதை விட்டு இருபுறமும் கடை கட்ட வேண்டும். 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீங்கியது. நிலக்கரி ஏற்றுமதியால் ஊருக்குள் பணம் கொட்டியது. 1858இல் ராயல் ஆர்கேட் வந்தது. ஊரில் இருப்பவற்றில் இதுதான் மூத்தது. ஹை ஸ்ட்ரீட் ஆர்கேட் 1885, காஸில் ஆர்கேடும் விண்டம் ஆர்கேடும் 1887, மார்கன் ஆர்கேட் 1896. டியூக் ஸ்ட்ரீட் ஆர்கேட் 1902 என்பதால் கறாராகப் பார்த்தால் விக்டோரியா காலத்தைத் தாண்டிவிட்டது. ராணி 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

மனை குறுகல் என்பதால் கடையும் குறுகல். இந்த இடங்களில் தனிக்கடைகள் இன்னும் நிற்பதற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். பெரிய சங்கிலி நிறுவனங்களுக்கு அகன்ற தளம் வேண்டும். இரண்டு மூன்று கடைகளை உடைத்து ஒன்றாக்கலாம் என்றால், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே பாலாடைக்கட்டி விற்பவர், பழைய துணி விற்பவர், இசைத்தட்டு விற்பவர் ஆகியோருக்கு இடம் மிஞ்சுகிறது. மார்கன் ஆர்கேடில் இருக்கும் ஸ்பில்லர்ஸ் ரெகார்ட்ஸ் 1894இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய இசைத்தட்டுக் கடை என்று அறியப்படுவது. இந்த ஆர்கேடுக்கு அது வந்தது 2010இல்தான். ராயல் ஆர்கேடில் வாலிஸ் டெலி என்ற உணவுப்பொருள் கடைக்குள் போனால் ஐரோப்பாவின் பல நாட்டுச் சாமான்கள் அலமாரி அலமாரியாக இருக்கும். காபி குடிக்கவும் இடம் உண்டு.

எந்த வரிசையில் பார்ப்பது? கார்டிஃப் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். முதலில் மில் லேன் பக்கமாக விண்டம் ஆர்கேடில் நுழைந்து செயின்ட் மேரி ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். ராயல், மார்கன் இரண்டும் அந்தத் தெருவையும் தி ஹேய்ஸ் என்ற தெருவையும் இணைப்பவை. ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பலாம். மார்கன் ஆர்கேடின் பாதை நேராக ஓடாமல் வளைந்து போகும். அதனால் மறுமுனை உடனே தெரியாது. நடக்க நடக்கக் கடைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். அங்கே நின்று முதல் மாடி ஜன்னல்களைப் பாருங்கள். பிறகு வடக்கே, கோட்டைக்கு எதிரே உள்ள காஸில் ஆர்கேட். அதில் மாடி நடைபாதையும் உண்டு. படியேறத் தயங்காதீர்கள், கூரையின் மரச்சட்டங்களைக் கிட்டத்தில் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கூரையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பழைய முறையில் கண்ணாடியைச் சட்டத்தில் புட்டி (putty) என்ற பசை வைத்துப் பதிப்பார்கள். வெயிலிலும் குளிரிலும் புட்டி காய்ந்து வெடிக்கும். ஈயத் தகட்டுக் கால்வாயில் இலையும் புறா எச்சமும் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் திரும்பி மரத்துக்குள் இறங்கும். வெளியே கறை தெரிவதற்குள் உள்ளே மரம் உளுத்திருக்கும். கால்வாயை ஒழுங்காகச் சுத்தம் செய்தாலே பாதி சேதம் தவிர்ந்துவிடும். ஆனால் மழை பெய்துகொண்டே இருக்கும் ஊர் அது. அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. இந்தச் செலவெல்லாம் கடைசியில் கடை வாடகையிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரு காபியாவது அங்கே குடியுங்கள்.

நேரம் மிக முக்கியம். காலை பத்தரைக்கு முன் போனால் பாதிக் கடை திறந்திருக்காது; மாலை ஐந்துக்கு மேல் போனால் மூட ஆரம்பித்திருப்பார்கள், பிறகு ஆர்கேடின் கதவும் பூட்டப்படும். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம் என்பது சட்டம். சின்னக் கடைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றாலும், ஒரே ஆள் நடத்தும் கடை ஞாயிறோ திங்களோ விடுமுறை விடுவது சகஜம். குறிப்பிட்ட கடைக்காகப் போகிறீர்கள் என்றால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலு மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். கூரை வெளிச்சம் வேண்டுமென்றால் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். மழை நாளில் நுழைவாயில் ஓரத் தரை வழுக்கும்.

பணம் கொடுக்குமுன் இன்னொன்று. கடையில் நேரில் வாங்கிய பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கச் சட்ட உரிமை கிடையாது. பொருள் பழுது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். எனவே பழைய கோட்டு, சட்டை எடுத்தால் அளவுச் சீட்டை நம்பாமல் போட்டுப் பாருங்கள்; அந்தக் காலத்து அளவும் இன்றைய அளவும் ஒன்றல்ல. பழைய இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்து விளக்கடியில் சாய்த்துக் கீறலைப் பாருங்கள், எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு. சுற்றுலாப் பயணிகள் கடையில் கட்டிய வாட் (விற்பனை) வரியைத் திரும்பப் பெறும் வசதி 2021 ஜனவரி முதல் வேல்ஸிலும் இல்லை, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இல்லை. விலைச்சீட்டில் இருப்பதுதான் உங்கள் செலவு.

பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்தில் ரக்பி ஆட்டம் இருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். நகர மையத்தில் சாலைகளை மூடுவார்கள், ரயில் நிலையத்தில் நீண்ட வரிசை நிற்கும், குறுகலான ஆர்கேடுக்குள் நின்று எதையும் பார்க்க முடியாது. லண்டன் பேடிங்டனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். சாதாரண செவ்வாயோ புதனோ பார்த்துக் கிளம்புங்கள். கடைக்காரருக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும்.