முல்லைக் கொடியை வெட்டினால் பூக்காதா?

"முல்லைக் கொடியில் கத்தரி பட்டால் மூன்று வருஷம் பூக்காது, வெட்டாமல் வேரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இரண்டு பாதியுமே தவறு.

முல்லை மொட்டு வைப்பது புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில். பழைய கொடியை அப்படியே விட்டால் உள்ளே குச்சியாகக் காய்ந்து, உச்சியில் மட்டும் நாலு பூ நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையே ஜனவரி கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது, அதாவது கிளைகளை வெட்டிவிடச் சொல்கிறது. அவர்களின் வேளாண் இணையதளத்தில் பார்க்கலாம். பக்கத்துத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்கலாம். பாரி தேர் கொடுத்த கொடிதான், ஆனால் நம் வீட்டில் அது கேட்பது கத்தரி.

வெட்டிய கிளையைக் கிட்டத்தில் பாருங்கள். கணுவில் இலைகள் எதிரெதிராக இருந்த இடத்தில் பச்சையாக இரண்டு முளை தள்ளும். பூ வரப்போவது அங்கிருந்துதான்.

சரி, உப்பு? கல்லுப்பு மண்ணில் சேர்ந்தால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை ஓரம் கருகும். செடிகளுக்குச் சிலர் போடும் எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அது வேறு சரக்கு. பெயரைப் பார்த்து யாரோ குழப்பிக்கொண்டிருக்கலாம்.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே உப்பு போட்டிருந்தால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டி அடியில் வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.