ஹைட்ராவை அப்புறம் பார்க்கலாம், முதலில் 'நாப்சாக்' கேளுங்கள்

அமெரிக்க கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயின் (Steve Vai) 'இன்வையலேட்' ஆல்பம் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் அந்த மூன்று நெக் (தந்திகள் ஓடும் கழுத்துப் பகுதி) கிட்டாரில்தான் போய் நிற்கிறார்கள். நியாயம்தான். ஐபனீஸ் கிட்டார் கம்பெனி செய்து கொடுத்த, ஹைட்ரா என்ற அந்தக் கிட்டாரில் ஒரே உடம்பில் பன்னிரண்டு தந்தி நெக், ஏழு தந்தி நெக், நாலு தந்தி பேஸ், போதாததற்கு ஹார்ப் போல 13 தந்திகள். ஆல்பத்தின் முதல் பாட்டே அதில் வாசித்ததுதான். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் 2022 ஜனவரியில் ஆல்பம் வந்ததிலிருந்து நான் திரும்பத் திரும்பப் போடுவது அதிலுள்ள 'நாப்சாக்'.

வாய்க்கு வலது தோளில் ஆபரேஷன் முடிந்து, அந்தக் கையை அசைக்கக் கூடாது என்று கட்டுப் போட்டிருந்த நாட்களில் உருவான பாட்டு அது. முழுக்க இடது கை மட்டும். பெயர்கூட ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயரிலிருந்து வந்ததுதான்.

கிட்டாரில் இடது கை அழுத்தும், வலது கை மீட்டும். மீட்டக் கை இல்லையென்றால்? விரல் நுனியால் தந்தியை ஃப்ரெட்டின் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் ஓங்கி அடித்தால் ஒரு நோட் வரும். அந்த விரலை எடுக்கும்போது தந்தியை லேசாகச் சுண்டிவிட்டால் இன்னொன்று. ஹாமர்-ஆன், புல்-ஆஃப் என்பது இதைத்தான். ஒரே தந்தியில் இது சுலபம். அடுத்த தந்திக்குத் தாவும்போதுதான் கஷ்டம்: சும்மா கிடக்கும் தந்தியை ஒரே அடியில் பேச வைக்க வேண்டும், மற்ற தந்திகள் வாய் திறக்கக் கூடாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் சின்ன உரசல்கூடப் பெரிதாக இரையும். நானும் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். நாலு தாள வட்டம் தாண்டுவதற்குள் சுண்டுவிரல் வலித்துவிட்டது. அறுபதைத் தொட்ட மனிதர் அதிலேயே ஒரு மெலடியைப் பாட வைத்திருக்கிறார்.

'வெறும் வித்தை, மனசைத் தொடவில்லை' என்று இவரைப் பற்றிச் சொல்வார்கள். இவரைத் தன் குழுவில் வாசிக்க வைத்த இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவே 1982 ஆல்பம் ஒன்றில் 'சாத்தியமில்லாத கிட்டார் பகுதிகள்' வாசித்தவர் என்றுதான் இவர் பெயரைப் போட்டார். அந்தப் பட்டம் நாற்பது வருஷமாகக் கூடவே வருகிறது. அப்படிச் சொல்கிறவர்கள் இதே ஆல்பத்தின் 'கேண்டில்பவர்' கேட்க வேண்டும். டிஸ்டார்ஷன் இல்லை, மீட்டும் வில்லையான பிக் இல்லை, சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடியான வாமி பார் இல்லை. இவரை அடையாளம் காட்டும் அத்தனையையும் அவரே கழற்றி வைத்துவிட்டார். பல நோட்டுகள் சேர்ந்து ஒலிக்கும் கார்டைப் பிடித்தபடியே விரல் கணுவை மட்டும் மடக்கி, நடுவில் ஒரு நோட்டைத் தனியாக வளைக்கிறார். பக்கத்து நோட் அப்படியே நிற்க, இது மட்டும் மெல்ல ஏறிப் போய் அதோடு சேரும். அந்த ஒரு இடத்துக்காகவே எத்தனை தடவை பின்னால் நகர்த்திக் கேட்டிருப்பேன்!

எல்லாமே இந்த உயரம் என்று சொல்ல மாட்டேன். ஆல்பத்தின் 'கிரீனிஷ் புளூஸ்' எனக்கு ஒட்டவில்லை. புளூஸுக்குத் தேவையான இடைவெளியை அவர் விரல்கள் விடவே மாட்டேன் என்கின்றன.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீடியோ பார்க்காமல் 'நாப்சாக்' ஒருமுறை கேளுங்கள். ஒரு கை என்று தெரியாமலே பிடிக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.