நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு

நேற்றும் ஒரு கார். கோத்தகிரியிலிருந்து கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில், ஓரம்கூடக் கட்டாமல் நடு ரோட்டில் நிற்கிறது. முன் சக்கரம் இரண்டிலும் புகை. கருகிய நாற்றம் என் வண்டிக்குள் வரைக்கும் வந்தது. பின் சீட்டில் ஒரு பாப்பா வாந்தி எடுத்து அழுதுகொண்டிருக்கிறது. ஓட்டி வந்தவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் ஊற்றப் போகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஊத்தாதீங்க சார், டிஸ்க் கோணிக்கும்."

"பிரேக் மிதிச்சா உள்ள போகுதுங்க, பிடிக்கவே மாட்டேங்குது" என்றார். கை நடுங்கியது. எந்த கியரில் வந்தீர்கள் என்று கேட்டேன். "இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சமாகுமேன்னு நியூட்ரல்ல விட்டேன்."

பாப்பா முன்னால் கத்த மனசு வரவில்லை. அங்கே அடக்கியதை இங்கே சொல்கிறேன்.

கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். முப்பது சொச்சம் கிலோமீட்டரில் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. அவ்வளவு நேரமும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டியை பிரேக் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சூடு ஏறி பிரேக் ஆயில் கொதிக்கும், குமிழி விடும், அப்புறம் மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். மலையில் வண்டியைப் பிடிக்க வேண்டியது எஞ்சின். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். பல ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதற்கென்று 'எல்' என்ற லோ கியர் இருக்கிறது.

அந்தப் பெட்ரோல் கணக்கும் தப்பு. இப்போதைய கார்களில் கியரைப் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எஞ்சினுக்கு பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தானாக ஓட பெட்ரோல் குடிக்கும். சிலர் சாவியையே அணைத்துவிட்டு உருட்டுகிறார்கள். ஸ்டீயரிங் கல்லாகிவிடும், நாலு தடவை மிதித்தால் பிரேக் பெடலும் அழுத்த முடியாதபடி இறுகி, வண்டி நிற்காது. கொண்டை ஊசி வளைவில் அப்படி வருகிறவன் எதிரில் ஏறி வருகிறவனையும் சேர்த்தே கொல்லப் பார்க்கிறான்.

கோடை விழா என்றால் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி, எங்கள் கோத்தகிரி நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சி, எல்லாவற்றுக்கும் வாருங்கள். வருகிற விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது. ராத்திரி முழுக்கச் சென்னையிலிருந்து ஓட்டி, விடியற்காலை கல்லாறில் டீ குடித்துவிட்டு, தூங்காத கண்ணோடு மலையேறுகிறார்கள். ஒரு நாள் பூராவும் கூட்டத்தில் நின்றுவிட்டு அன்று சாயங்காலமே இறங்குகிறார்கள். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. லோடு வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் திரும்ப எடுக்க என்ன பாடு! அதைத் தெரியாதவர்கள் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டு நேரே வருகிறார்கள். பனிமூட்டத்திலும் அதே ஹைபீம். வெளிச்சம் பனியில் பட்டு அவர்கள் கண்ணுக்கே திரும்பும், எங்களுக்கும் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, இது பலாப்பழக் காலம். குஞ்சப்பனையிலும் பர்லியாறிலும் யானை ரோட்டுக்கு வரும். பிரேக் பிடிக்காத வண்டியில் வளைவு திரும்பினால் குட்டியோடு தாய் யானை நிற்கிறது என்று வையுங்கள்.

சீசனில் குன்னூர் வழியாக ஏற, கோத்தகிரி வழியாக இறங்க என்று ஒருவழிப் பாதை போடுகிறார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் மலைக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸும் வந்தது. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் தங்கல், எல்லாம் கேட்கிறார்கள். நல்லது. அந்த பாஸைப் பார்க்க நிறுத்துகிற இடத்திலேயே, மலையில் ஓட்டிய பழக்கம் உண்டா, எந்த கியரில் இறங்குவாய் என்று ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? 2023 செப்டம்பரில் மரப்பாலம் பக்கம் தென்காசிக்காரர்கள் வந்த டூரிஸ்ட் பஸ் பள்ளத்தில் போய், 9 பேர் திரும்ப ஊர் போய்ச் சேரவில்லை. அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் எனக்கு அடிவயிறு இழுக்கும்.

அந்த அண்ணன் வண்டியை நான்கைந்து பேர் சேர்ந்து ஓரம் தள்ளினோம். டயருக்குக் கல் வைத்தோம். பெடல் இறுகி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஃபர்ஸ்ட் கியரில் என் பின்னாலேயே வாருங்கள், கீழே போனதும் முதல் வேலையாக மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுத்தேன். இரண்டு வளைவு போவதற்குள் இன்னொரு கார் எங்கள் இருவரையும் வளைவிலேயே ஒதுக்கிக்கொண்டு ஹாரன் அடித்தபடி கீழே பாய்ந்தது. கண்ணுக்குத் தெரிந்த வரைக்கும் அதன் பிரேக் லைட் அணையவே இல்லை.