கொலுசுக் கூலி: ‘பார்ட் டைம்’ என்பது காரணமல்ல

“சேலம் கொலுசு வேலையில் பெண்களுக்குக் கூலி குறைவென்றால் அவர்கள் பார்ட் டைம் என்பதால்தான், சம ஊதியச் சட்டம் இருக்கிறதே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

கொலுசு வேலையில் பெரும்பாலும் நேரத்துக்குக் கூலி கிடையாது, எண்ணிக்கைக்கோ எடைக்கோதான். வெள்ளி உருக்குவது, கம்பி இழுப்பது, மெஷின் ஓட்டுவது பெரும்பாலும் பட்டறையில் ஆண்கள் கையில். வளையம் கோப்பதும் சலங்கை மாட்டுவதும் வீட்டுக்கு வந்துவிடும், அதாவது பெண்களிடம். காலை 10 முதல் 1 வரை, மதியம் 2 முதல் 4 வரை, சமையல் முடித்து இரவு 9 முதல் 11 வரை என்று உட்கார்ந்தால் 7 மணி நேரம். துண்டு துண்டாக இருப்பதால் அது ‘சும்மா இருக்கிற நேரத்து வேலை’ ஆகிவிடுகிறது! வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டுத்தான் திரும்ப வாங்குவார்கள். சேதாரம் கூடினால் கூலியில் பிடித்தம்.

சட்டத்துக்கு வருவோம். முன்பிருந்த 1976 சம ஊதியச் சட்டமும் சரி, அதன் இடத்தில் வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் சரி, சம ஊதியம் ‘அதே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை’க்குத்தான் என்கின்றன. சலங்கை மாட்டுவதில் ஆணே இல்லையென்றால் யாரோடு ஒப்பிடுவது? ‘சம மதிப்புள்ள வேலை’ என்பது இந்தியா 1958-ல் ஏற்ற ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 100-வது உடன்படிக்கையின் சொல், நம் சட்டத்தில் இல்லை.

வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பை வைத்து வாதாடுவோருக்கு ஒன்று: அதன் ‘வாராந்திர நிலை’ கணக்குப்படி, கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்தாலே ‘வேலையில் உள்ளவர்’தான். அதை மட்டும் வைத்து ஒருவர் எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்று சொல்ல முடியாது.